வெலிமிர் வீட்டுச் சுவரில் ஒரு துளை

வெலிமிர் ஆள்காட்டி விரலை எச்சில் தொட்டு, சமையலறை ஜன்னல் சட்டத்தின் ஓரமாக மெதுவாக ஓட்டிக்கொண்டு போகிறார். மேல் மூலைக்கு வந்ததும் விரல் நின்றுவிடுகிறது. கண்ணை மூடுகிறார்.

"இருக்கு. மயிரிழை அளவுக்கு இருக்கு. நேத்து இல்ல."

சட்டைப் பையிலிருந்து ஒரு கம்பளித் துணுக்கை எடுத்து, வெண்ணெய்க் கத்தியின் முனையால் அந்த இடுக்கில் திணிக்கிறார். மறுபடி விரலை நனைத்து அதே இடத்தில் வைத்துப் பார்க்கிறார். அதற்கப்புறம்தான் அவருக்குக் காலைக் காப்பி தொண்டையில் இறங்கும்.

இடுக்குக் காற்றுக்கு, செர்பியாவின் மலையூரான நோவா வரோஷில், எல்லோருமே பயந்தவர்கள்தான். ஈரத் தலையோடு தெருவில் போகிற பெண்ணை முன்பின் தெரியாத கிழவர் நிறுத்தித் திட்டலாம். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு போவாள். கழுத்து பிடித்தாலும் பல் வலித்தாலும் எந்தக் கதவும் எந்த ஜன்னலும் எதிரெதிரே திறந்திருந்தன என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். ஆனால் மற்றவர்களுக்கு அது பயம். வெலிமிருக்கு அது பரம்பரைப் பகை.

அவருடைய அம்மாவின் தம்பி மிலோய்கோ பிளம்ஸ் மரத்திலிருந்து விழுந்து செத்தார். கிளை முறிந்ததை அறுவடைக்கு வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். "கிளை முறிஞ்சது அப்புறம்," என்பார் வெலிமிர். "முதல்ல காத்து பிடரில அடிச்சுது." பெரியப்பா மகன் ஸ்ரெட்டன் மூன்றாவது கல்யாணம் செய்துகொண்ட வருஷமே போய்ச் சேர்ந்தார். அந்த மூன்றாமவள் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிற பெண்ணாம். அப்பாவின் அத்தை பெத்ரியா தொண்ணூற்றாறு வயதில் தூக்கத்திலேயே அடங்கினாள். அதற்கும் வெலிமிரிடம் காரணம் உண்டு. "அன்னிக்கு யாரோ கதவச் சரியா சாத்தல."

அவர் இடுப்பில், சட்டைக்கு உள்ளே, சாம்பல் நிறக் கம்பளிப் பட்டி ஒன்று சுற்றியிருக்கும். கிட்னிக்குக் காவல். மனைவி நெவெங்கா பின்னிக் கொடுத்தது. ஆகஸ்ட் மாதத்திலும் அது கழலாது.

வேலையில் இருந்த காலத்தில் பெல்கிரேடு பஸ் ஓட்டினார். அவர் பஸ்ஸில் ஜன்னல்கள் உண்டு, திறக்காது. முதல் கோடையிலேயே திருப்புளியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடுக்கிவிட்டார். ஜூலை மாதத்தில் பாலாடைக்கட்டி கொண்டுபோன பெண்கள் பெல்கிரேடு சேர்ந்தபோது வேறு ஏதோ ஒன்றை இறக்கிக்கொண்டார்கள். யாராவது மயங்கி விழுந்தால் வண்டியை ஓரங்கட்டி, முகத்தில் தண்ணீர் தெளித்து, மற்றவர்களைப் பார்த்துச் சொல்வார்: "பாத்தீங்கல்ல? ஏறினதுலேருந்து இந்தம்மா கதவுகிட்டயே நின்னாங்க."

இப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்குத்தான் பெல்லட் கணப்பு வந்தது. கொண்டு வந்தது நெவெங்கா. விறகு சுமந்து சுமந்து அவள் முதுகு வளைந்துவிட்டது. "இனிமே ஒரு கட்டை தூக்க மாட்டேன்," என்று இலையுதிர் காலத்தில் சொன்னாள், பக்கத்து ஊர் பிரியெபோல்யேயிலிருந்து செனாத் என்கிற பையனை வரவழைத்துவிட்டாள். கணப்பு மாட்டுவதுதான் அவன் தொழில்.

வெலிமிர் முதலில் மூட்டையைப் பிரித்து பெல்லட்டைக் கையில் அள்ளிப் பார்த்தார். மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னச் சின்னக் குச்சிகள். "கோழிக்குப் போடறதா இது?" என்றார். ஆனால் கணப்பைப் பார்த்ததும் வாய் அடங்கியது. முன்பக்கம் கண்ணாடி, மேலே பச்சையும் சிவப்புமாக விளக்குகள், பொத்தான்கள். பஸ் ஓட்டினவருக்கு இது போதாதா? நாற்காலியை இழுத்து நேர் எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். இத்தாலியில் செய்தது என்று தெரிந்ததும் 'இத்தாலிக்காரி' என்று பேரும் வைத்தாயிற்று.

செனாத் அளந்து அளந்து வேலை செய்தான். அடியில் இரும்புத் தகடு விரித்தான். சுவரைத் துளைத்துப் புகைக்குழாயை வெளியே எடுத்துக் கூரைக்கு மேல் ஏற்றினான்.

"மாமா, கணப்பச் சுத்தி இவ்வளவு இடம் காலியா இருக்கணும். துணி காயப் போடாதீங்க, செருப்பு வெக்காதீங்க, பூனையப் படுக்க விடாதீங்க."

"பூனைகிட்ட நீயே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

"தினம் காலைல, ஆறினதுக்கப்புறம், தீ எரியற இந்தக் குழியச் சுத்தம் பண்ணணும். சாம்பல இரும்பு வாளில கொட்டி மூடி வைங்க, உள்ள கங்கு தூங்கிட்டு இருக்கும். எரியறப்ப பிளக்கப் பிடுங்கிடாதீங்க. பொத்தான அமுக்கினா அதுவே மெல்ல அணையும்."

"டேய், மலை இறக்கத்துல இன்ஜின அணைக்கிற ஆளா நானு?"

அதுவரை எல்லாம் சுமுகம்தான். பிறகு செனாத் கணப்புக்குப் பக்கத்தில், வெளிச்சுவரில், முழங்கால் உயரத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டான்.

"இது என்னடா?"

"துளை, மாமா."

"துளைதான் மேல போட்டாச்சே."

"அது வெளிய போறதுக்கு. இது உள்ள வர்றதுக்கு."

"உள்ள என்னடா வரணும்?"

"காத்து."

வெலிமிர் எழுந்தார். எழுந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"எரியறதுக்குக் காத்து வேணாமா?" என்றான் செனாத். "உங்க வீட்டச் சுத்திப் பாத்தேன். ஊறுகாய் ஜாடிகூட இதவிட லூசா மூடியிருக்கும். கணப்புக்குள்ள விசிறி இருக்கு மாமா. இழுக்கக் காத்து இல்லேன்னா அது திணறும். தீ கருகும், புகை ரூமுக்குள்ள திரும்பும். அதுல ஒரு வாயு இருக்கு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ஆளத் தூங்க வெச்சு அப்படியே கூட்டிட்டுப் போயிடும்."

"காத்தும் அப்படித்தாண்டா! எங்க பெத்ரியா அத்தைய..."

"துளை இல்லேன்னா நான் பத்த வெக்க மாட்டேன். இப்பவே கழட்டி வண்டில ஏத்திடறேன்."

"நீ போடு தம்பி," என்றாள் நெவெங்கா உள்ளேயிருந்து.

துளை விழுந்தது. ஒரு காப்பிக் குவளையின் வாய் அகலம். வெளிப்பக்கம் கம்பி வலை. உள்ளே சுவரில் செனாத் விஷவாயு அலாரம் ஒன்றையும் மாட்டினான். பொத்தானை அமுக்கிக் கத்தவிட்டுக் காட்டினான். பூனை அலமாரிமேல் ஏறிக்கொண்டது. தீ நல்ல மஞ்சளாக, துள்ளித் துள்ளி எரிந்தது. நெவெங்கா கையைத் தட்டிச் சிரித்தாள்.

வெலிமிர் அந்தத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலமெல்லாம் கம்பளித் துணுக்கு திணித்துக் காத்த கோட்டைக்கு, மனைவியே காப்பி கொடுத்து உபசரித்து, ஒருவன் வாசல் வைத்துவிட்டுப் போகிறான்.

சில நாள் பொறுத்தார். சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், கரண்டி பாதியில் நிற்கும். "கிட்னிக்கு வந்துடுச்சு," என்பார். அப்புறம் ஒருநாள் நெவெங்கா சந்தைக்குப் போன நேரத்தில் இடுப்புப் பட்டியைக் கழற்றினார். பந்தாகச் சுருட்டினார். துளையில் வைத்துக் கட்டை விரலால் அமுக்கினார். கனகச்சிதம். விரலை நனைத்து வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. அன்றைக்கு அவர் பாடிக்கொண்டே உருளைக்கிழங்கு உரித்ததாகக் கேள்வி.

இத்தாலிக்காரிக்கு அது பிடிக்கவில்லை. தீ சோம்பிப் போய்ச் சிவந்தது. கண்ணாடியில் கரி அப்பியது. சிவப்பு விளக்கு மினுக்கியது. வெலிமிர் போய் பெல்லட் கடைக்காரரோடு சண்டை போட்டார். "ஈரத் தீவனத்த எந்தக் கோழி தின்னும்?" வேறு மூட்டை வாங்கி வந்தார். அதுவும் கருகியது. பிறகு நெவெங்கா வெளியே போயிருந்த நேரத்தில் அலாரம் கத்தியது. அவர் அதை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கும் காத்து பட்டிருச்சா?" என்று கேட்டு, கழற்றி, துண்டில் சுற்றி, நிலவறையில் முட்டைக்கோஸ் ஊறப்போட்ட பீப்பாய்க்குப் பக்கத்தில் வைத்து மூடிவிட்டு வந்தார்.

மறுநாள் நெவெங்காவின் காப்பி பொங்கி வழிந்தது.

இது சின்ன விஷயமில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் காப்பி பொங்கி வழிந்ததில்லை. பொங்கி வரும் நொடியில் செம்பைத் தூக்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அன்றைக்கு அவள் அடுப்படியில் நின்று, நுரை ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கை போகவில்லை. தலை பாறாங்கல்லாகக் கனத்தது. கையிலிருந்த ஸ்பூன் விழுந்து கணப்புக்குப் பக்கம் உருண்டது. எடுக்கக் குனிந்தவள் துளையைப் பார்த்தாள். தன் கையால் பின்னிய சாம்பல் பட்டி.

கணப்பின் பொத்தானை அமுக்கினாள். பட்டியைப் பிடுங்கினாள். அப்புறம் வீட்டிலிருந்த எல்லா ஜன்னலையும், இருபக்கக் கதவையும், பனி பெய்துகொண்டிருக்கும்போது விரியத் திறந்தாள். வெலிமிர் மேஜைத் துணியை உருவிக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

"பொம்பளே! கொல்லப் பாக்கறியா?"

"நானா?" என்றாள் நெவெங்கா.

காப்பிச் செம்பையும் அந்தப் பட்டியையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். எதிர்வீடு அவள் தங்கை ரூஜாவுடையது. போகிறபோது சொன்னது ஒன்றுதான். "அந்தத் துளை திறந்திருக்கிற வீட்டுக்குத்தான் நான் வருவேன்."

புனித நிக்கொலா திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அது வெலிமிர் வீட்டுத் திருநாள். அவர் அப்பா, தாத்தா, அவருக்கும் அப்பா என்று இறங்கி வந்தது. அன்றைக்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை, எல்லோரும் வருவார்கள். வந்தவர்களுக்கு ரொட்டியும் இனிப்புக் கோதுமையும் முட்டைக்கோஸ் சுருளும் நெவெங்கா கையால் இருக்கும். வீட்டுக்காரி எதிர்வீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருக்க, தான் மட்டும் வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்பதை வெலிமிரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதைவிட, அவள் இல்லாத வீடு கூதலடித்தது. அது எந்த இடுக்கு வழியாக வருகிறது என்று விரல் வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இருந்தாலும் துளையில் இப்போது ஒரு காலுறை இருந்தது.

"நெவெங்கா!" என்று வாசலில் நின்று கத்தினார். "துளை திறந்துதான் இருக்கு, வா!"

எதிர்வீட்டு ஜன்னல் ஒரு சாண் திறந்தது. "உன் புகைக்குழாயப் பாரு மனுஷா. கரி வண்டி போகுது."

அண்ணாந்து பார்த்தார். கூரைக்கு மேலே புகை கன்னங்கரேலென்று போய்க்கொண்டிருந்தது. செனாத் அவளிடம் சொல்லிவிட்டிருந்தான்: நன்றாக எரிகிற கணப்பில் புகை கண்ணுக்கே தெரியாது. ரூஜா வீட்டு ஜன்னலிலிருந்து அந்தக் குழாய் பளிச்சென்று தெரியும்.

வெலிமிர் உள்ளே போய்க் காலுறையைப் பாதி உருவினார்.

"இப்ப?"

"பாதிதான் எடுத்திருக்க," என்றது ஜன்னல்.

காலுறையை எடுத்துவிட்டு ஒரு கம்பளித் துணியைத் திரை மாதிரி தொங்கவிட்டார். துளை திறந்தும் இருக்கிறது, காற்றும் வராது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னத்தையோ தொங்க விட்டிருக்க!"

இப்போது ரூஜாவும் பக்கத்தில் தலை நீட்டினாள். "மச்சான், எங்களுக்கு இங்க டிவியே வேணாம் போங்க!"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே போய்க் காலுறையை முழுசாகத் திணித்துவிட்டு முட்டைக்கோஸ் சுருள் செய்ய உட்கார்ந்தார். இலை கிழிந்தது, காளான் ஒருபக்கம் போனது, அரிசி ஒருபக்கம் போனது. தலை விண்விண்ணென்று தெறித்தது. சாவித் துவாரம் வழியாகக் காற்று வருகிறது என்று எழுந்து அதையும் அடைத்தார். ஒரு வாய் காப்பி குடித்தால் தேவலை என்று பழைய செம்பு ஒன்றை அடுப்பில் வைத்தார்.

காப்பி ஏறியது. நுரை விளிம்புக்கு வந்தது. வெலிமிர் பார்த்துக்கொண்டே நின்றார். தூக்க வேண்டும் என்று தெரிகிறது, கை போகமாட்டேன் என்கிறது. கை வேறு யாருடையதோ போலத் தொங்குகிறது. காப்பி வழிந்து அடுப்பில் சீறியது.

நெவெங்கா இப்படித்தானே நின்றாள்!

கால் பின்னப் பின்னப் போய்க் கதவைத் திறந்தார். வெளியே படியில் பனிமேல் அப்படியே உட்கார்ந்தார். கழுத்தில் ஒன்றும் சுற்றிக்கொள்ளவில்லை. மூச்சை இழுத்து இழுத்து விட்டார். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு நிழல் எழுந்து நின்றது. அவர் கையைத் தூக்கி ஆட்டியபிறகுதான் உட்கார்ந்தது. தலை தெளிந்ததும் உள்ளே போனார், கணப்பை அணைத்தார், எதிரெதிர் ஜன்னல்களை, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தானே திறந்தார். காலுறையை எடுத்து எறிந்தார். மற்ற இடமெல்லாம் பழையபடி மூடியபிறகும் துளையைத் தொடவில்லை. கணப்பு ஆறும்வரை காத்திருந்து குழியைச் சுரண்டினார், கண்ணாடியைத் துடைத்தார், சாம்பலை வாளியில் கொட்டி மூடினார். மறுபடி பொத்தானை அமுக்கிவிட்டு, மேல்கோட்டும் குல்லாயுமாக அறையின் எதிர் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். தீ மஞ்சளாகத் துள்ளியது.

அரைநாள் கழித்துக் கதவு திறந்தது. நெவெங்கா இடுப்பில் கோதுமைப் பாத்திரத்தோடு நின்றாள். நேராகக் கணப்புக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, துளைக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துப் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"வருது," என்றாள். "அலாரம் எங்க?"

அலாரம் நிலவறையிலிருந்து வந்தது. பொத்தானை அமுக்கினால் நன்றாகத்தான் கத்தியது; முட்டைக்கோஸ் வாடைதான் போகவில்லை. சுவரில் மாட்டியபிறகு அவள் கோதுமைப் பாத்திரத்தின் அடியிலிருந்து துவைத்து மடித்த சாம்பல் பட்டியை எடுத்து நீட்டினாள். "இடுப்புல கட்டறதுக்கு," என்றாள். "வேற எதுக்கும் இல்ல."

திருநாளன்று வீடு நிரம்பியது. மெழுகுவர்த்தி எரிந்தது, ரொட்டி அறுத்தாயிற்று. வெலிமிர் வழக்கப்படி உட்காரவில்லை. அன்றைக்கு வீட்டுக்காரன் நின்றுகொண்டேதான் பரிமாற வேண்டும். வந்தவர் எது செய்தாலும் மறுத்து ஒரு சொல் சொல்லக்கூடாது. கணப்பைப் பார்த்து எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் ஒவ்வொருவராகக் கழுத்தைத் தடவ ஆரம்பித்தார்கள்.

"எங்கிருந்தோ இழுக்குது," என்றாள் ஒரு மதனி.

"முதுகுல ஊசி குத்தற மாதிரி இருக்கே!"

கணப்புக்குப் பக்கத்தில், நல்ல இடமாயிற்றே என்று உட்கார வைத்திருந்தவர் ராடொயே சித்தப்பா. வெலிமிருடைய அப்பாவின் கடைசித் தம்பி, வந்தவர்களில் மூத்தவர். அவர் குனிந்து துளையைக் கண்டார். வெலிமிரை ஒரு பார்வை பார்த்தார்.

"உன் வீட்லயாடா? எங்க அண்ணன் பிள்ளை வீட்லயா?"

சொல்லிக்கொண்டே மடியிலிருந்த கம்பளித் தொப்பியை உருட்டித் துளையில் திணித்தார். கனகச்சிதமாகப் பொருந்தியது. மேஜையைச் சுற்றி ஒரு நிம்மதிப் பெருமூச்சு. "மகராசன்," என்றாள் மதனி.

கோதுமைத் தட்டோடு வந்த நெவெங்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். வெலிமிரைத்தான் பார்த்தாள்.

வெலிமிர் பிளம்ஸ் சாராயப் புட்டியைக் கீழே வைத்தார். குனிந்து துளையிலிருந்து தொப்பியை எடுத்தார். தூசு தட்டினார். சித்தப்பாவின் தலையில் இரண்டு கையாலும் வைத்து, காது மூடும்படி இழுத்துவிட்டார். கிழவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் தன் சட்டையைத் தூக்கிச் சாம்பல் பட்டியைக் கழற்றி, அவர் இடுப்பைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார்.

பிறகு புட்டியை எடுத்துக்கொண்டு, சித்தப்பாவுக்கும் துளைக்கும் நடுவில், துளையை மறைக்காமல் ஒரு முழம் தள்ளி, பட்டியில்லாத முதுகைக் காற்றுக்குக் காட்டி நின்றார். வலது கையால் வந்தவர்களுக்கு ஊற்றிக்கொண்டே இருந்தார். இடது கை முதுகுக்குப் பின்னால் போய், துளையின் பக்கம் உள்ளங்கையை விரித்து, காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.